சிடிஎல் டவுன்கிரேடு: டிரக் ஓட்டுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் டிரக், பஸ் ஓட்டிப் பிழைக்கிறவர்களுக்கு சிடிஎல் என்கிற தொழில்முறை லைசன்ஸ்தான் சோறு போடுகிறது. அது திடீரென்று சாதாரண கார் லைசன்ஸாக இறங்கிவிடுவதைத்தான் டவுன்கிரேடு என்கிறோம். விபத்து செய்தவர்களுக்கும் குடித்துவிட்டு ஓட்டினவர்களுக்கும் மட்டும் வருகிற தண்டனை இது என்று நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் வண்டியில் ஒரு கீறல்கூடப் போடாமல் வருஷக்கணக்கில் ஓட்டினவருக்கும், ஓட்ட உடல் தகுதி உண்டு என்று டாக்டர் தரும் மெடிக்கல் சான்று முடியும் தேதியைக் கவனிக்காமல் விட்டதால் மட்டுமே இது நடக்கிறது. தடுக்கக்கூடிய ஒன்றால் ஒரு குடும்பத்தின் வருமானம் நின்றுபோகக் கூடாது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இதில் இருப்பது மத்திய அரசின் விதிகள். கட்டணம், படிவம் எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

டவுன்கிரேடு ஆனால் லைசன்ஸே போய்விடுமா?

போகாது. கார் ஓட்டலாம், பிள்ளைகளைப் பள்ளியில் விடலாம். போவது சிடிஎல் என்கிற கூடுதல் உரிமை மட்டும்தான். ஆனால் டிரக்கை நம்பி இருப்பவருக்கு அதுதானே எல்லாம்.

ஒன்றைக் கவனியுங்கள். மத்திய விதியில் டவுன்கிரேடு என்றால் நான்கு அர்த்தம் உண்டு. மாநிலம் உங்கள் சிடிஎல் உரிமையையே எடுத்துவிடுவது ஒன்று. மற்ற மூன்றிலும் சிடிஎல் இருக்கும், ஓட்டும் எல்லைதான் சுருங்கும்: மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர் மெடிக்கல் தேவைப்படாத விதிவிலக்கு வேலைக்கு மட்டும் என்று மாற்றிக்கொள்வது, சொந்த மாநிலத்துக்குள் மட்டும் என்று மாற்றிக்கொள்வது, மாநிலத்துக்குள்ளேயே விதிவிலக்கு வேலை மட்டும் என்று மாற்றிக்கொள்வது. யாராவது "எனக்கு டவுன்கிரேடு ஆகிவிட்டது" என்றால் இந்த நான்கில் எது என்று முதலில் கேளுங்கள். பதில் ஒவ்வொன்றுக்கும் வேறு.

என் கையில் இருக்கும் அட்டையில் கிளாஸ் ஏ என்றுதான் இருக்கிறது, தேதியும் முடியவில்லை. அப்படியானால் பிரச்சினை இல்லைதானே?

இந்த நம்பிக்கைதான் ஆட்களை மாட்டிவிடுகிறது. ஏடிஎம் அட்டை பையில் இருப்பதால் கணக்கில் பணம் இருக்கிறது என்று ஆகிவிடாது. எடை பார்க்கும் நிலையத்தில் அதிகாரி உங்கள் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதோடு விடுவதில்லை, எண்ணைத் தட்டுகிறார். திரையில் உங்கள் மாநிலம் பதிந்து வைத்திருக்கும் விவரம் வரும். அதில் மெடிக்கல் நிலை "சான்று இல்லை" என்று இருந்தாலோ, சிடிஎல் எடுக்கப்பட்டது என்று இருந்தாலோ, பிளாஸ்டிக்கில் என்ன அச்சடித்திருந்தாலும் அங்கேயே வண்டி நிற்கும். உள்ளே இருக்கும் சரக்கை வேறு ஓட்டுநர் வந்து எடுத்துப் போகவேண்டும்.

மாநிலம் கடிதம் அனுப்பும். ஆனால் அனுப்புவது அவர்களிடம் இருக்கும் பழைய முகவரிக்கு. வாரக்கணக்கில் ரோட்டிலேயே இருப்பவர், வீடு மாறினவர், அண்ணன் வீட்டு முகவரியைக் கொடுத்து வைத்தவர், இவர்களுக்கெல்லாம் கடிதம் கிடைப்பதற்குள் காரியம் முடிந்திருக்கும்.

ஏ, பி, சி வகுப்புகளைப் பிரிப்பது எதை வைத்து?

எடையை வைத்து. அதுவும் தயாரிப்பாளர் அந்த வண்டிக்கு நிர்ணயித்த மொத்த எடைத் தகுதி, ஆங்கில எழுத்துகளில் ஜிவிடபிள்யூஆர் என்று ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும் எண்.

கிளாஸ் ஏ: வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 26,001 பவுண்டு அல்லது அதற்கு மேல், அதில் டிரெய்லர் மட்டும் 10,000 பவுண்டைத் தாண்டியிருக்கவேண்டும். பதினெட்டு சக்கர வண்டிகள் இதில்தான்.

கிளாஸ் பி: ஒற்றை வண்டியே 26,001 பவுண்டு அல்லது அதற்கு மேல், பின்னால் இழுப்பது 10,000 பவுண்டுக்கு மிகாமல். டம்ப் டிரக், சிமெண்ட் மிக்சர், குப்பை வண்டி, பெரிய பஸ்.

கிளாஸ் சி: மேலே சொன்ன எடைக்குள் வராது, ஆனால் ஓட்டுநரையும் சேர்த்து 16 பேர் அல்லது அதற்கு மேல் ஏற்றும்படி வடிவமைத்தது, இல்லையென்றால் அபாயப் பலகை மாட்டவேண்டிய சரக்கை ஏற்றுவது.

மேல் வகுப்பு இருந்தால் கீழ் வகுப்பு வண்டியையும் ஓட்டலாம், அதற்குத் தேவையான எண்டார்ஸ்மென்ட், அதாவது லைசன்ஸில் ஏற்றும் கூடுதல் அனுமதி, இருந்தால். கிளாஸ் ஏ வைத்திருக்கிறோம் என்று, பயணிகளை ஏற்றுவதற்கான பி (P) எண்டார்ஸ்மென்ட் இல்லாமல் பஸ்ஸில் ஏறி உட்கார முடியாது.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. தகுதி எடை, உண்மையான எடை இரண்டில் எது அதிகமோ அதைத்தான் பார்ப்பார்கள். ஸ்டிக்கரில் 26,000 என்று இருக்கும் பாக்ஸ் டிரக்கில் அளவுக்கு மீறி ஏற்றி அது 27,500 நிறுத்தால், அந்த நேரத்தில் நீங்கள் ஓட்டுவது சிடிஎல் வண்டி. காலி வண்டிதானே என்ற சாக்கும் எடுபடாது, அப்போது ஸ்டிக்கர் எண் பேசும்.

டவுன்கிரேடு ஆன பிறகு எதை ஓட்டலாம்?

26,000 பவுண்டும் அதற்குக் கீழும் உள்ள, 16 பேருக்குக் குறைவான, அபாயச் சரக்கு இல்லாத வண்டிகள். வாடகைக்குக் கிடைக்கும் 26 அடி பாக்ஸ் டிரக்குகள் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் நிற்கும்படிதான் செய்யப்படுகின்றன. கணக்குப்படி, 26,000 பவுண்டு டிரக்கின் பின்னால் 10,000 பவுண்டு டிரெய்லரை மாட்டினால் மொத்தம் 36,000 வந்தாலும் மத்திய விதிப்படி சிடிஎல் தேவையில்லை, ஏனென்றால் இரண்டுமே தனித்தனியாக எல்லையைத் தாண்டவில்லை. அதே நேரம் 14,000 பவுண்டு பிக்கப்பில் 14,000 பவுண்டு கூஸ்நெக் டிரெய்லரை (பிக்கப்பின் பின்தளத்தில் பூட்டும் வகை) மாட்டினால் 28,000, டிரெய்லரும் பத்தாயிரத்தைத் தாண்டியது, அது கிளாஸ் ஏ. பிக்கப்பில் டிரெய்லர் மாட்டி அவசரச் சரக்கு எடுக்கும் ஹாட்ஷாட் வேலை பார்க்கிறவர்கள் இந்தக் கணக்கை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது.

இப்போது முக்கியமான பொறி. மெடிக்கல் முடிந்ததால் சிடிஎல் போனவர், "சரி, பாக்ஸ் டிரக் ஓட்டிக்கொள்ளலாம், அதற்குத்தான் சிடிஎல் வேண்டாமே" என்று கிளம்புகிறார். சிடிஎல் வேண்டாம், உண்மைதான். ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் தொழிலுக்காக ஓட்டும் வண்டி 10,001 பவுண்டைத் தொட்டாலே மெடிக்கல் கார்டு வேண்டும். எந்தச் சான்று இல்லாமல் சிடிஎல் போனதோ அதே சான்று இங்கேயும் கேட்கப்படும். மாநிலத்துக்குள் மட்டும் ஓடுவதற்கு அந்தந்த மாநில விதி. அதனால் மெடிக்கலைச் சரிசெய்யாமல் சின்ன வண்டிக்கு இறங்குவது பாதி வழியில் நின்றுபோகும் யோசனை.

லைசன்ஸில் இப்போது 'கிளாஸ் சி' என்று வந்திருக்கிறது. அப்போ கமர்ஷியல் சி இருக்கிறதா?

அநேகமாக இல்லை. கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் சாதாரண கார் லைசன்ஸின் பெயரே கிளாஸ் சி. நியூயார்க்கிலும் இல்லினாயிலும் கார் லைசன்ஸ் கிளாஸ் டி, ஃப்ளோரிடாவில் கிளாஸ் ஈ. அட்டையில் 'கமர்ஷியல்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள், எழுத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மாநிலம் மாறி வந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் ரொம்ப வருகிறது.

மெடிக்கல் கார்டு முடிந்தால் 60 நாள் அவகாசம் உண்டு என்கிறார்களே?

அப்படி நம்பி ஓட்டாதீர்கள். 60 நாள் என்பது மாநிலத்துக்குக் கொடுத்திருக்கும் காலக்கெடு. உங்கள் சான்று முடிந்ததும் 10 நாளுக்குள் மாநிலம் உங்கள் நிலையை "சான்று இல்லை" என்று மாற்றவேண்டும், அதிலிருந்து 60 நாளுக்குள் டவுன்கிரேடை முடித்துப் பதிவு செய்யவேண்டும். ஓட்டுநரைப் பொறுத்தவரை சான்று முடிந்த மறுநாளே சிடிஎல் வண்டியை எடுக்கக் கூடாது. இந்த இடைவெளியில் புதிய சான்று வந்து சேர்ந்தால் டவுன்கிரேடு நடக்காமல் தப்பிக்கலாம், அவ்வளவுதான் அந்த 60 நாளின் பயன்.

சான்று அதிகபட்சம் 24 மாதம். உடல்நிலையைப் பொறுத்து ஒரு வருஷத்துக்கோ மூன்று மாதத்துக்கோ கூடக் கொடுப்பார்கள். போன தடவை இரண்டு வருஷம் கொடுத்தார்கள், அதனால் இந்தத் தடவையும் இரண்டு வருஷம்தான் என்று மனக்கணக்கு போடுவது தப்பு. கையில் வாங்கினதும் முடியும் தேதியைப் பாருங்கள். தேதிக்கு ஒரு மாதம் முன்பே போய்விடுங்கள், ரத்த அழுத்தம் கூடிவிட்டாலோ மூக்குக் கண்ணாடி மாற்றவேண்டும் என்றாலோ சரிசெய்து திரும்பிப் போக நாள் இருக்கும்.

டாக்டரிடம் பாஸ் ஆகிவிட்டேன். அதற்கப்புறமும் டவுன்கிரேடு ஆகுமா?

ஆகியிருக்கிறது, நிறையப் பேருக்கு. முன்பெல்லாம் மெடிக்கல் கார்டின் நகலை மாநிலத்தின் லைசன்ஸ் அலுவலகமான டிஎம்விக்கு நாமே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும், இல்லையென்றால் இணையத்தில் ஏற்றவேண்டும். பரிசோதனையில் பாஸாகி, கார்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டு, கொடுக்க மறந்தவர்கள் எல்லாம் மாட்டினார்கள்.

2025 ஜூன் 23 முதல் முறை மாறியது. தேசியப் பதிவேட்டில் உள்ள மருத்துவப் பரிசோதகர் முடிவை அடுத்த நாள் நள்ளிரவுக்குள் மின்னணு வழியில் அனுப்பவேண்டும், அது மத்திய நிர்வாகம் வழியாக மாநிலத்தின் பதிவுக்குப் போய்ச் சேரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்லா மாநிலமும் அதே நாளில் தயாராகிவிடவில்லை. அப்புறம், பரிசோதகர் உங்கள் லைசன்ஸ் எண்ணில் ஒரு இலக்கத்தைத் தப்பாகத் தட்டினாலோ, பெயரை மாற்றி எழுதினாலோ முடிவு உங்கள் பதிவில் ஒட்டாது. நம் ஆட்களுக்கு இது கூடுதல் தலைவலி: அப்பா பெயர் எது, குடும்பப் பெயர் எது, இனிஷியல் எங்கே போகவேண்டும் என்பது ஆவணத்துக்கு ஆவணம் மாறி இருக்கும். லைசன்ஸில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்து பரிசோதகரின் படிவத்தில் இருக்கிறதா என்று அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். காகிதச் சான்று ஒன்றும் கேட்டு வாங்கி வையுங்கள். ஒரு வாரம் கழித்து மாநில இணையதளத்தில் உங்கள் மெடிக்கல் நிலை மாறியிருக்கிறதா என்று சரிபாருங்கள்.

சுய அறிவிப்புப் படிவத்தில் நான்கு கட்டம் இருக்கிறது, எதை டிக் செய்வது?

எந்த வகை ஓட்டம் என்று மாநிலத்துக்கு நாமே எழுதிக் கொடுக்கும் படிவம் இது. மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டுகிறவர், விதிவிலக்கு இல்லாதவர்: என்ஐ. மாநிலம் விட்டு மாநிலம், விதிவிலக்கு உள்ளவர்: ஈஐ. மாநிலத்துக்குள் மட்டும், மாநில மெடிக்கல் விதிக்கு உட்பட்டவர்: என்ஏ. மாநிலத்துக்குள் மட்டும், அதிலும் விதிவிலக்கு: ஈஏ.

சரக்கு டிரக் ஓட்டுகிற பெரும்பாலானவர்களுக்கு என்ஐ-தான். விதிவிலக்கு என்பது பள்ளிக் குழந்தைகளை வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே ஏற்றிச் செல்வது, அரசு ஊழியராக ஓட்டுவது, தீயணைப்பு வண்டி மாதிரியான வேலைகளுக்கு. மெடிக்கல் கேட்கமாட்டார்கள் என்பதற்காக வேறு கட்டத்தில் டிக் செய்துவிட்டு மாநில எல்லையைத் தாண்டி ஓட்டினால், அது தெரிந்தே பொய் அறிவிப்பு கொடுத்ததாகிவிடும். நீங்கள் எல்லையைத் தாண்டாமலே, ஏற்றிப்போகும் சரக்கு வெளி மாநிலத்திலிருந்து வந்து தொடர்ந்து பயணம் செய்வதாக இருந்தாலும் அது மாநிலங்களுக்கு இடையிலான வணிகமாகக் கருதப்படலாம். துறைமுகத்தில் கண்டெய்னர் இழுப்பவர்கள் இதை யோசிக்கவேண்டும்.

சர்க்கரை இருக்கிறது, இன்சுலின் போட ஆரம்பித்திருக்கிறேன். சிடிஎல் போய்விடுமா?

தானாகப் போகாது. 2018 நவம்பருக்கு முன்பு இன்சுலின் போடுகிறவர் தனி விலக்கு வாங்கினால்தான் மாநிலம் விட்டு ஓட்ட முடியும். அந்த விதி மாறிவிட்டது. இப்போது உங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் எம்சிஎஸ்ஏ-5870 என்ற படிவத்தை நிரப்பித் தரவேண்டும், அதிலிருந்து 45 நாளுக்குள் பரிசோதகரிடம் போகவேண்டும். குறைந்தது மூன்று மாதத்துக்கான சர்க்கரை அளவுப் பதிவுகள், தேதி நேரத்தோடு, டாக்டரிடம் காட்ட வேண்டும். மீட்டரிலேயே சேமித்து வைக்கும் வகை வேண்டும், நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தது போதாது. சான்று அதிகபட்சம் 12 மாதம். சர்க்கரை ரொம்ப இறங்கி மயக்கம் வந்தாலோ அடுத்தவர் உதவி தேவைப்பட்டாலோ, டாக்டர் மறுபடி சரி என்று சொல்லும்வரை ஓட்டக் கூடாது.

மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தத் தனிப் படிவம் கிடையாது. சர்க்கரையை மறைத்துவிட்டுப் பரிசோதனைக்குப் போகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: மறைக்காதீர்கள். லைசன்ஸ் தப்பிக்க வழி இருக்கிறது, எண்பதாயிரம் பவுண்டு வண்டியில் கண் இருட்டினால் தப்பிக்க வழி இல்லை. இன்சுலினுக்குப் பயந்து மாத்திரையிலேயே வருஷக்கணக்கில் இழுத்து, கடைசியில் கண்ணும் சிறுநீரகமும் கெட்டு மொத்தமாக வீட்டில் உட்காருவதைவிட, முறையாக இன்சுலின் போட்டுக்கொண்டு வருஷா வருஷம் சான்று வாங்குவது மேல்.

ரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழே இருந்தால் பொதுவாக இரண்டு வருஷச் சான்று கிடைக்கும், கூடினால் காலம் குறையும். கண்பார்வை ஒவ்வொரு கண்ணிலும் 20/40, கண்ணாடியோடு இருந்தாலும் சரி. ஒரு கண்ணில் அது வரவில்லை என்றால், 2022 மார்ச் முதல் மாற்று வழி ஒன்று இருக்கிறது: கண் டாக்டர் எம்சிஎஸ்ஏ-5871 படிவம் தரவேண்டும், அதற்கும் 12 மாதச் சான்றுதான்.

கிளியரிங்ஹவுஸ் டவுன்கிரேடு என்பது என்ன?

போதைப்பொருள், மது சோதனை மீறல்களை வைத்திருக்கும் மத்தியத் தரவுத்தளம்தான் கிளியரிங்ஹவுஸ். 2020 ஜனவரி 6-இல் ஆரம்பித்தது. முதலில் அதில் பெயர் வந்தவரைக் கம்பெனிகள் வேலைக்கு எடுக்காது, அவ்வளவுதான், லைசன்ஸ் அப்படியே இருக்கும். 2024 நவம்பர் 18-இலிருந்து மாநிலங்கள் அதைப் பார்த்தே ஆகவேண்டும், "தடை" நிலையில் இருப்பவரின் சிடிஎல்லை 60 நாளுக்குள் எடுத்தே ஆகவேண்டும். கற்றுக்கொள்கிறவர்களின் பெர்மிட்டுக்கும் இதேதான்.

சோதனையில் பாசிட்டிவ், மது 0.04 அல்லது அதற்கு மேல், சோதனைக்கு மறுப்பது, இவையெல்லாம் மீறல். மறுப்பு என்றால் வாயால் மாட்டேன் என்று சொல்வது மட்டும் இல்லை. வரச்சொன்ன நேரத்துக்கு வராதது, பாதியில் கிளம்பிப் போவது, காரணமில்லாமல் போதுமான மாதிரி தராதது எல்லாம் மறுப்புதான். "லோடு ஒதுக்கும் டிஸ்பாட்சர் அவசர லோடு கொடுத்தான், அதனால் நாளைக்கு வருகிறேன் என்று சொன்னேன்" என்பது மறுப்பாகப் பதிவாகிவிடலாம்.

கஞ்சா உங்கள் மாநிலத்தில் சட்டப்படி சரி என்றாலும் இங்கே சரி இல்லை. பாசிட்டிவ் ஆகிறவர்களில் அதிகம் பேர் கஞ்சாவில்தான் மாட்டுகிறார்கள். மூட்டு வலிக்கு என்று கடையில் விற்கும், கஞ்சாச் செடி வகையிலிருந்து எடுக்கும் சிபிடி எண்ணெய், மிட்டாய்களும் ஆபத்துதான், லேபிளில் எழுதாத அளவு உள்ளே இருந்து சோதனையில் வந்தால் அந்த விளக்கத்தை யாரும் ஏற்கமாட்டார்கள்.

அதிலிருந்து வெளியே வர வழி உண்டா?

உண்டு, ஆனால் வரிசை மாறாமல் போகவேண்டும். தகுதி பெற்ற போதைப்பழக்க நிபுணர், சாப் என்று சொல்வார்கள், அவரிடம் மதிப்பீடு. அவர் சொல்லும் வகுப்போ சிகிச்சையோ முடிக்கவேண்டும். மறுபடி அவரிடமே மதிப்பீடு. பிறகு வேலைக்குத் திரும்பும் சோதனை, ஆள் நேரில் பார்த்துக்கொண்டிருக்கச் சிறுநீர் எடுப்பார்கள். அது நெகட்டிவ் என்று பதிவானதும் தடை நிலை நீங்கும். அதற்கப்புறமும் முதல் 12 மாதத்தில் குறைந்தது 6 திடீர்ச் சோதனை, சாப் நினைத்தால் ஐந்து வருஷம் வரை நீட்டலாம்.

இதில் முட்டி நிற்கும் இடம் ஒன்று உண்டு. அந்த வேலைக்குத் திரும்பும் சோதனையை நீங்களாகப் போய் லேபில் எடுத்துக்கொள்ள முடியாது, ஒரு முதலாளி அனுப்பவேண்டும். வேலை போனவர் யாரைப் போய்க் கேட்பார்? அதனால் சிகிச்சை நடக்கும்போதே, இப்படிப்பட்டவர்களை எடுக்கும் கம்பெனியைத் தேட ஆரம்பித்துவிடுங்கள். சொந்த வண்டி வைத்து ஓட்டும் ஓனர் ஆப்பரேட்டர்கள் தாங்கள் சேர்ந்திருக்கும் சோதனைக் கூட்டமைப்பு நிறுவனம் வழியாகச் செய்யலாம்.

60 நாளுக்குள், மாநிலம் டவுன்கிரேடை முடிப்பதற்கு முன்பே தடை நிலை நீங்கிவிட்டால், மாநிலம் அந்த நடவடிக்கையை நிறுத்தவேண்டும். அதனால் சங்கடப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்காராமல் முதல் வாரமே சாப்பைப் பாருங்கள். மீறல் பதிவு ஐந்து வருஷம், அல்லது தொடர் சோதனைகள் முடியும்வரை, எது பிந்தியதோ அதுவரை இருக்கும்.

நான் இப்போது டிரக் ஓட்டவில்லை, ஊபர்தான். கிளியரிங்ஹவுஸ் என்னைத் தொடுமா?

தொடும். வேலையில் இருக்கிறீர்களா என்று யாரும் கேட்கப்போவதில்லை, சிடிஎல் வைத்திருந்தாலே போதும். பழைய மீறல் ஒன்று தீராமல் கிடந்தால் அதற்கும் டவுன்கிரேடு உண்டு. கார் ஓட்டும் உரிமை அதனால் பாதிக்காது.

வகுப்பு அப்படியே இருக்க, ஓட்டும் வண்டி மட்டும் குறையுமா?

குறையும், கட்டுப்பாட்டு எழுத்துகள் வழியாக. ஆட்டோமேட்டிக் வண்டியில் டெஸ்ட் கொடுத்தால் ஈ எழுத்து விழும், மேனுவல் கியர் டிரக்கைத் தொட முடியாது. ஏர் பிரேக் தேர்வில் தவறினால் எல். ஐந்தாம் சக்கர இணைப்பு (டிரெய்லரைத் தாங்கிப் பூட்டும் தட்டு) இல்லாத வண்டியில் கிளாஸ் ஏ டெஸ்ட் கொடுத்தால் ஓ, டிராக்டர் டிரெய்லர் ஓட்ட முடியாது. கே என்றால் மாநிலத்துக்குள் மட்டும். பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டும் முன்பே எந்த வண்டியில் டெஸ்ட் என்று கேட்டுவிடுங்கள். ஈ எழுத்தை இப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, புதிய டிரக்குகள் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக்தான். ஓ எழுத்து நிஜமாகவே வேலையைக் கெடுக்கும்.

அபாயச் சரக்கு எண்டார்ஸ்மென்டுக்குத் தனியாக டிஎஸ்ஏ (மத்தியப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம்) பின்னணிச் சோதனை, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. அது முடிந்தால் அந்த எச் எழுத்து மட்டும் போகும், சிடிஎல் நிற்கும்.

டவுன்கிரேடும் டிஸ்குவாலிஃபிகேஷனும் (தகுதி நீக்கம்) ஒன்றா?

வேறு வேறு. பின்னது குற்றத்துக்கான தண்டனை. குடித்துவிட்டு ஓட்டினால், சொந்தக் காரில் ஓட்டியிருந்தாலும், சிடிஎல் ஒரு வருஷம் போகும். அபாயச் சரக்கோடு இருந்தால் மூன்று வருஷம். இரண்டாவது முறை என்றால் வாழ்நாள் தடை. கடுமையான போக்குவரத்து மீறல் மூன்று வருஷத்தில் இரண்டு என்றால் 60 நாள், மூன்று என்றால் 120 நாள். இதற்குப் படிவம் கொடுத்துத் தப்ப முடியாது, வக்கீலைப் பாருங்கள்.

திரும்ப எடுக்க மறுபடி முதலிலிருந்து படிக்கணுமா?

மாநிலத்தைப் பொறுத்தது, எவ்வளவு நாள் ஆயிற்று என்பதைப் பொறுத்தது. மெடிக்கலால் போனது என்றால், சீக்கிரம் சான்றைக் கொடுத்துவிட்டால் பல இடங்களில் கட்டணத்தோடு முடிந்துவிடும். நாள் தள்ளத்தள்ள எழுத்துத் தேர்வு, அப்புறம் ஓட்டும் டெஸ்ட் என்று கூடிக்கொண்டே போகும். பெர்மிட் எடுக்கவேண்டி வந்தால் 14 நாள் காத்திருந்துதான் ஓட்டும் டெஸ்ட்.

ஒரு நல்ல செய்தி: 2022 பிப்ரவரி 7 முதல் வந்த கட்டாயத் தொடக்கப் பயிற்சி விதி, அதற்கு முன்பே சிடிஎல் வாங்கினவர்களுக்குப் பொருந்தாது. பழைய ஓட்டுநரிடம் "முழுப் பயிற்சிக் கட்டணமும் கட்டு" என்று யாராவது சொன்னால், மாநில அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

வயதாகிவிட்டது, இனி ஓட்டப்போவதில்லை. நானே இறக்கிவிடலாமா?

தாராளமாக. மெடிக்கல் செலவு மிச்சம். ஆனால் ஒரு வருஷம் யோசித்துவிட்டுச் செய்யுங்கள். பகுதி நேரமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டும் எண்ணம் இருந்தால் கிளாஸ் பி-யையாவது வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். விட்டபின் திரும்பப் பிடிப்பதுதான் கஷ்டம்.

கிரீன் கார்டு இல்லை, வேலை அனுமதி அட்டையில் இருக்கிறேன். எனக்கு வேறு விதியா?

ஆமாம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்குக் குடிமக்களைப் போல வழக்கமான சிடிஎல்தான். மற்றவர்களுக்குக் கொடுப்பது நான்-டொமிசைல்டு சிடிஎல். 2025 செப்டம்பர் 29-இல் வந்த இடைக்கால விதி அதை எச்-2ஏ, எச்-2பி (தற்காலிக வேலை), ஈ-2 (முதலீட்டாளர்) விசாக்காரர்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. அதே வருஷம் நவம்பரில் வாஷிங்டன் டிசி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த இடைக்கால விதியை நிறுத்தி வைத்தது, அதற்குப் பிறகும் நிலைமை மாறியிருக்கலாம். அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ள பலரின் பிழைப்பு இதில் தொங்குகிறது. நகர்ந்துகொண்டே இருக்கும் விஷயம், வாட்ஸாப் ஃபார்வர்டை நம்பாமல் உங்கள் மாநில அலுவலக அறிவிப்பையும் குடியேற்ற வக்கீலையும் கேளுங்கள்.

டொராண்டோவில் ஏஇசட் லைசன்ஸ் (ஏர் பிரேக்கோடு டிராக்டர் டிரெய்லர் ஓட்டும் ஒன்டாரியோ மாகாண லைசன்ஸ்) வைத்து அமெரிக்காவுக்கு ஓட்டுகிறேன். இதெல்லாம் எனக்கும் உண்டா?

பாதி உண்டு. கனடா லைசன்ஸை அமெரிக்கா ஏற்கிறது, தனி மெடிக்கல் கார்டு தேவையில்லை, ஒன்டாரியோ மெடிக்கலே போதும். லைசன்ஸில் டபிள்யூ குறியீடு விழுந்திருந்தால் மட்டும் அமெரிக்காவுக்குள் தொழில் வண்டி ஓட்ட முடியாது. கிளியரிங்ஹவுஸ் உங்களுக்கும் பொருந்தும்.

ஒன்டாரியோவிலும் டவுன்கிரேடு உண்டு. மெடிக்கல் அறிக்கை 46 வயதுக்குக் கீழ் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை, 46 முதல் 64 வரை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, 65-க்கு மேல் வருஷா வருஷம். கொடுக்கத் தவறினால் நேராக ஜி என்கிற கார் லைசன்ஸுக்கு இறங்கும். 46 வயதைத் தொடுகிறவர்கள் பழைய ஐந்து வருஷப் பழக்கத்தில் இருந்துவிடுவார்கள், அங்கே கவனம் வேண்டும். எடை எல்லையும் வேறு: அங்கே ஜி லைசன்ஸுக்கு 11,000 கிலோ, அமெரிக்காவின் 26,000 பவுண்டு ஏறக்குறைய 11,793 கிலோ. அமெரிக்காவில் கார் லைசன்ஸில் ஓடும் அதே பாக்ஸ் டிரக்கை ஒன்டாரியோவில் அந்த முழு எடைக்குப் பதிவு செய்தால் டி என்கிற டிரக் லைசன்ஸ் கேட்கும்.

டவுன்கிரேடு ஆனது தெரியாமல் ஓட்டிவிட்டேன். என்ன செய்வது?

வண்டியை நிறுத்துங்கள், இன்னொரு லோடு எடுக்காதீர்கள். கம்பெனியிடம் உடனே சொல்லுங்கள், தெரிந்தும் உங்களை ஓட்டவிட்டால் அவர்களுக்கும் அபராதம் உண்டு. அந்த நிலையில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் தகராறும் எதிர்த்தரப்பு வழக்கும் சேர்ந்துகொள்ளும். அப்புறம் உங்கள் ஓட்டுநர் பதிவை, எம்விஆர் என்பார்கள், மாநில இணையதளத்தில் சிறு கட்டணம் கட்டி எடுத்துப் பாருங்கள். எந்தத் தேதியில், எந்தக் காரணத்துக்காக எடுத்தார்கள் என்பது அதில் இருக்கும். தவறு மாநிலத்துடையது என்றால், பரிசோதனை நடந்த தேதியுள்ள காகிதச் சான்றையும் பரிசோதகரின் தேசியப் பதிவு எண்ணையும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள், போனில் காத்திருப்பதைவிட அது வேகமாக முடியும்.

எதை, எப்போது பார்க்கவேண்டும்?

வருஷத்துக்கு இரண்டு முறை எம்விஆர். மெடிக்கல் பரிசோதனைக்குப் போய்வந்த ஒரு வாரத்தில் மாநிலப் பதிவு. வேலை மாறும் முன் கிளியரிங்ஹவுஸ் கணக்கில் உங்கள் நிலை, சொந்தப் பதிவைப் பார்க்கக் கட்டணம் இல்லை. வீடு மாறினால் டிஎம்வியில் முகவரி, அதே வாரத்தில். வீட்டில் கணினி பார்க்கத் தெரிந்த மகனோ மகளோ இருந்தால் இந்தத் தேதிகளை அவர்கள் போனிலும் போட்டு வைக்கச் சொல்லுங்கள், நீங்கள் நெப்ராஸ்காவில் எங்கோ சிக்னல் இல்லாத இடத்தில் இருக்கும்போது கடிதத்தைத் திறக்கப்போவது அவர்கள்தான்.